அவுட்போர்டுக்கு எந்த 2டி ஆயில்? பைக் ஆயிலே போதும் என்கிறார் கடைக்காரர்

#1 குளச்சல்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா இந்த வருசம் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அவருடைய ஃபைபர் வள்ளமும், அதன் பின்னால் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினும் என் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. ஜப்பான் இன்ஜின், டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். பெட்ரோலில் மட்டும் ஓடுவது, மண்ணெண்ணெய் மாடல் இல்லை. ஆயில் பம்ப் கிடையாது, டேங்கிலேயே கலந்து ஊற்ற வேண்டும்.

போன சீசனில் இந்த இன்ஜின் கடலில் வைத்து ஜாம் ஆகிவிட்டது. கரைக்கு இழுத்துவந்து பிரித்ததில் ஒரு பிஸ்டன் காலி. சிலிண்டரை போர் அடித்து, ரெண்டு பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டிருக்கிறது. அதன் பிறகு இன்னும் கடலில் இறக்கவில்லை. “ஆயில் சரியில்லை, அதான் பிடித்துக்கொண்டது” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்களாம்.

ஆயில் வாங்கப் போனால் கடைக்காரர் பைக்குக்குப் போடும் 2டி-யை, அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயிலை நீட்டுகிறார். “எல்லாம் ஒன்றுதான் தம்பி” என்கிறார். அவுட்போர்டுக்கென்று விற்கும் ஆயில் கிட்டத்தட்ட இரட்டை விலை. அந்தக் காசுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை டப்பாவில் படகுப் படம் போட்டதற்கான காசா? எவ்வளவு கலப்பது என்பதிலும் குழப்பம். புத்தகத்தில் 50க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்). சித்தப்பா அதை நம்பாமல் எப்போதும் கொஞ்சம் கூடவே ஊற்றுவார்.

#2 ஆர்எக்ஸ்100_பிரியன்

2டி என்றால் 2டி-தான் நண்பா. என் ஆர்எக்ஸ் 100 இன்றைக்கும் பெட்ரோல் பங்க் 2டி-யில்தான் ஓடுகிறது, போரைத் தொட்டதே இல்லை. ரெண்டும் டூ ஸ்ட்ரோக், ரெண்டிலும் ஆயில் பெட்ரோலோடு எரிந்துதான் போகிறது. கூடுதல் காசு கொடுக்க என்ன இருக்கிறது?

#3 ஃப்ளைவீல்

தூத்துக்குடியில் அவுட்போர்டு வேலை பார்க்கிறேன். மேலே சொன்னது பைக்குக்குச் சரி. அவுட்போர்டுக்கு ஒத்துவராது.

பைக் இன்ஜின் காற்றில் குளிர்கிறது, அதனால் சிலிண்டரும் ஹெட்டும் நல்ல சூடாகவே இருக்கும். அவுட்போர்டு கடல் தண்ணீரை உறிஞ்சி சிலிண்டரைச் சுற்றி விடுகிறது. சுற்றி ஓடும் தண்ணீர் அறுபது டிகிரி பக்கம் இருந்தால் அதுவே அதிகம். அதாவது உள்ளே நெருப்பு, வெளியே எந்நேரமும் குளிர்ச்சி. பைக் சிக்னலில் நிற்கும், இறக்கத்தில் சும்மா உருளும். அவுட்போர்டு முகத்துவாரத்தைத் தாண்டியதும் த்ராட்டிலை முழுசாக முறுக்கினால் மீன் பிடிக்கும் பாடு போய்ச் சேரும்வரை அப்படியேதான். இந்த ரெண்டு வேலைக்கும் ஒரே ஆயில் எப்படிப் பொருந்தும்?

டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்க வேண்டும், அவுட்போர்டு டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான தரக்குறி அது. அது இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

#4 மணலி_பிளெண்டிங்

ஆயில் கலக்கும் ஆலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

பைக் 2டி-யில் பிஸ்டனைச் சுத்தமாக வைக்க கால்சியம் போன்ற உலோகம் சேர்ந்த டிடர்ஜென்ட் போடுவார்கள். நல்ல சூட்டில் அது பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் எரிந்த பிறகு சாம்பல் மிஞ்சும். ஜாசோ என்பது பைக் 2டி-க்கான ஜப்பான் தரம். அதில் எஃப்சி வகையில் சாம்பல் 0.25 சதவீதம் வரை போகலாம், எஃப்டி-யில் 0.18 வரை. கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் முழு த்ராட்டிலில் மணிக்கணக்கில் ஓடும் இன்ஜினில் அது பிஸ்டன் தலையில் படிந்து, கங்கு மாதிரி சிவந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பிளக் முனைகளுக்கு நடுவில் மெல்லிய பாலம் போலப் படிந்து பொறியே வராமலும் செய்யும்.

டிசி-டபிள்யூ3 சாம்பல் இல்லாத வகை. உலோகத்துக்குப் பதிலாக நைட்ரஜன் அடிப்படையிலான சேர்மங்கள் சுத்தம் செய்கின்றன. அவை குளிர்ந்த சிலிண்டரிலும் ரிங் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். உப்புக்காற்றில் துரு பிடிக்காமல் இருக்கவும் தனிச் சோதனை உண்டு.

சோதனை செய்யும் இன்ஜின்களைப் பார்த்தாலே விசயம் புரிந்துவிடும். ஜாசோ தரத்தின் வழவழப்பையும் சுத்தத்தையும் ஹோண்டா டியோ ஸ்கூட்டர் இன்ஜினில் பார்க்கிறார்கள். டிசி-டபிள்யூ3க்கான சோதனைகளில் ஒன்று மெர்க்குரி 15 குதிரைத்திறன் அவுட்போர்டில் 100 மணி நேரம் ஓட்டுவது. ஸ்கூட்டரில் பாஸான ஆயில் ஸ்கூட்டருக்கு, அவுட்போர்டில் பாஸானது அவுட்போர்டுக்கு.

#5 ஆர்எக்ஸ்100_பிரியன்

சரி, சாம்பல் கதை புரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் பைக் ஆயில் போட்டே வருசக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே? அவர்கள் இன்ஜின் எல்லாம் வெடித்தா போயிற்று?

#6 ஃப்ளைவீல்

வெடிக்காது. மெதுவாக ரிங் ஒட்டும், கம்ப்ரஷன் குறையும், பிளக் அடிக்கடி மாற்ற வேண்டி வரும். “இன்ஜின் பழசாகிவிட்டது” என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். ஒருநாள் அவசரத்துக்கு டேங்கில் பைக் ஆயில் கலந்தால் ஒன்றும் ஆகிவிடாது. கரை சேருவதற்கு எதுவும் நல்லது. வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கூடவே ஒன்று. கார், பைக் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலை, 20டபிள்யூ-40 மாதிரி சரக்கை, பெட்ரோலில் கலந்து ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பைக் 2டி-யைவிட மோசம். எரிவதற்கென்று செய்த ஆயிலே இல்லை அது. சாம்பல் பல மடங்கு, பெட்ரோலில் ஒழுங்காகக் கரையவும் கரையாது.

#7 பருத்தித்துறை_வள்ளம்

வணக்கம். எங்கள் பக்கம் 15, 25, 40 குதிரைவலு என்ஜின்கள்தான் கூட. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகையும் நிறையப் பாவிக்கிறோம். குளச்சல் தம்பியுடையது பெற்றோல் மட்டும் என்பதால் இது அவருக்கு இல்லை, வாசிக்கிற மற்றவர்களுக்கு. மண்ணெண்ணெய் என்ஜினுக்கு ஓயில் கலக்கிற அளவு வேறு. என்ஜினோடு வந்த புத்தகத்தில் பெற்றோலுக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். பெற்றோல் அளவைப் பார்த்து மண்ணெண்ணெய்க்கு ஊற்றக் கூடாது. கரைக்கு வர முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட விட்டுத்தான் நிறுத்த வேணும். இல்லாவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, விடிய ஸ்டார்ட் வராது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். சின்னப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி அடித்து, ஸ்டார்ட் வந்ததும் மண்ணெண்ணெய். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஆட்களுக்கு “என்ன ஓயில் ஊற்றினாலும் ஓடும்” என்கிற நினைப்பு இன்னும் போகவில்லை. ஓடும்தான். என்ன விலை கொடுத்து ஓடினது என்று என்ஜினைக் கழற்றின ஆட்களைக் கேட்க வேணும்.

#8 குளச்சல்காரன்

மிக்க நன்றி. டிசி-டபிள்யூ3 என்று முடிவு செய்துவிட்டேன். யமாலூப், குயிக்சில்வர், மோட்டுல் என்று சிலது கண்ணில் படுகிறது. எது நல்லது? நிறத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? ஒன்று நீலம், ஒன்று பச்சை.

#9 மணலி_பிளெண்டிங்

நிறம் வெறும் சாயம். பெட்ரோலில் ஆயில் கலந்தாயிற்றா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காகப் போடுவது. எந்த நிறம் எந்தத் தரம் என்று விதி எதுவும் இல்லை. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் நீலச் சாயம்தான். அதில் நீல ஆயிலைக் கலந்துவிட்டு “ஊற்றினேனா, இல்லையா” என்று கேனை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமே இல்லை.

பிராண்டில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சான்று உண்மையா என்று மட்டும் பாருங்கள். அந்தச் சான்றைத் தருவது என்எம்எம்ஏ என்ற அமெரிக்கப் படகுத் தயாரிப்பாளர் சங்கம். சான்று வாங்கிய ஆயிலுக்கு ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். ஆங்கில எழுத்து ஆர், எல் என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு எண். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். “டிசி-டபிள்யூ3 தரத்துக்கு ஏற்றது” என்று மட்டும் எழுதிவிட்டு எண் இல்லையென்றால், அது தயாரிப்பாளரே தனக்குக் கொடுத்துக்கொண்ட மார்க். நல்ல ஆயிலாகவும் இருக்கலாம். என் இன்ஜினாக இருந்தால் எண் உள்ளதைத்தான் வாங்குவேன்.

#10 ஃப்ளைவீல்

அதோடு மூடி சீலையும் பாருங்கள். காலி டப்பாவில் ஏதோ ஒன்றை நிரப்பி விற்கிற வேலையும் நடக்கிறது. எண் சரி, லேபிள் சரி, உள்ளே சரக்கு வேறு. பயன்படுத்திய டப்பாவை எடைக்குப் போடும்போது ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள்.

அளவு விசயம். உங்கள் இன்ஜினில் பிஸ்டனும் ரிங்கும் புதுசு, போரும் புதுசு. அதனால் புது இன்ஜின் மாதிரிதான் பழக்க வேண்டும். முதல் 10 மணி நேரத்துக்கு 25க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லி. இந்த நேரத்தில் முழு த்ராட்டிலில் விரட்டாதீர்கள், ஒரே வேகத்திலும் நிறுத்தி வைக்காதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அப்புறம் புத்தகத்தில் உள்ள 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. 24 லிட்டர் டேங்க் என்றால் முதலில் 960 மில்லி, பிறகு 480 மில்லி.

அளவுக் குவளை இல்லையா? குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. 9 லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு பாட்டில் நிறைய ஊற்றினால் கணக்காக 50க்கு 1. கரையில் அதற்குப் பஞ்சமே இல்லை :) நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கக் கூடாது.

கலக்கும்போது கேனில் முதலில் கொஞ்சம் பெட்ரோல், அதில் முழு ஆயில், நன்றாகக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல். டேங்க் நிறைந்த பிறகு மேலே ஆயிலை ஊற்றினால் அப்படியே அடியில் போய் உட்காரும். முதல் கால் மணி நேரம் புகையாகக் கக்கும், அப்புறம் ஆயிலே இல்லாமல் ஓடும்.

#11 ஆர்எக்ஸ்100_பிரியன்

அப்போ சித்தப்பா கொஞ்சம் கூட ஊற்றியது தப்பா? ஆயில் கூடினால் பாதுகாப்பு கூடும்தானே?

#12 மணலி_பிளெண்டிங்

ஓரளவுக்கு மேல் கூடாது. ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறையும், கலவை வறட்சியாகிச் சூடேறும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டால் 50க்கு 1-லிருந்து 25க்கு 1-க்குப் போகும்போது பெட்ரோலின் பங்கு 2 சதவீதம்கூடக் குறைவதில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம். நிஜத் தொல்லை கரி. பிளக் நனையும், வெளியேற்றும் துளையில் கரி கட்டும், ரிங் ஒட்டும். காசைக் கொடுத்து கரியை வாங்கின கதைதான்.

#13 வல்லத்துப்_பெருசு

எங்கள் காலத்தில் ரேஸ் பைக்காரன் ஆமணக்கெண்ணெய் ஊற்றுவான். அந்த வாசனையே தனி. இந்த நம்பர் எல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

#14 மணலி_பிளெண்டிங்

ஐயா, வழவழப்பில் ஆமணக்கை இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் ரேஸ் முடிந்ததும் அவர்கள் இன்ஜினைப் பிரித்துத் துடைத்தார்கள். ஆமணக்கு எரிந்தால் பிசின் மாதிரி ஒட்டும். தினமும் கடலுக்குப் போகிறவர் தினமும் பிரிக்க முடியுமா?

#15 ஃப்ளைவீல்

குளச்சல்காரரே, உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். “ஒரு பிஸ்டன் காலி” என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று நன்றாக இருந்ததா? பழைய பிஸ்டன் கையில் இருக்கிறதா?

#16 குளச்சல்காரன்

இருக்கிறது, சித்தப்பா தூக்கிப் போடவில்லை. மேல் சிலிண்டர் பிஸ்டன்தான் போனது. கீழ் பிஸ்டன் பளபளவென்று இருக்கிறது. போனதில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகக் கீறல், அலுமினியம் இழுத்து ஒட்டின மாதிரி. புகை வெளியேறும் பக்கம் என்று நினைக்கிறேன். மறுபக்கத்தில் அவ்வளவாக இல்லை.

#17 ஃப்ளைவீல்

அப்படியானால் ஆயில்மேல் பழி போட்டது தவறு என்பது என் கணிப்பு.

உங்களுடையதில் ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர், ஒரே டேங்க், ஒரே கலவை. ஆயில் மட்டமாக இருந்தாலோ, ஊற்றவே மறந்திருந்தாலோ ரெண்டு பிஸ்டனிலும் அடையாளம் இருக்கும். அதுவும் சுற்றிலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி மங்கலாக. ஒன்று பளபளவென்றும் மற்றது ஒரே பக்கம் கிழிந்தும் இருந்தால், அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. புகை வெளியேறும் பக்கம்தான் எப்போதும் சூடு அதிகம். குளிர்ச்சி குறைந்தால் பிஸ்டன் முதலில் விரிந்து பிடிப்பது அங்கேதான். அதிலும் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. பம்ப் பலவீனமானாலோ, வழியில் உப்பு அடைத்தாலோ முதலில் தவிப்பது மேல் சிலிண்டர். கிராங்க் மேல் சீல் வழியாகக் காற்று இழுத்தாலும் மேல் சிலிண்டர் மட்டும் வறட்சியாக ஓடிச் சூடேறும். அதையும் பார்க்க வேண்டும், ஆனால் நான் முதலில் தண்ணீர் பம்பைத்தான் பிரிப்பேன்.

பிஸ்டன் மாற்றினபோது இம்பெல்லர் (தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறகுச் சக்கரம்) மாற்றினார்களா? தண்ணீர் பீச்சும் துளையில் வேகமாக வந்ததா?

#18 குளச்சல்காரன்

சித்தப்பாவிடம் கேட்டேன். இம்பெல்லரைத் தொடவில்லையாம். தண்ணீர் “வரும், ஆனால் மெல்லிசா வரும், எப்பவும் அப்படித்தான்” என்கிறார்.

#19 ஃப்ளைவீல்

அந்த “எப்பவும் அப்படித்தான்” என்பதுதான் எங்களுக்கு வேலை கொடுக்கிறது. புது ஆயில் ஊற்றுவதற்கு முன்னால் அடிப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரைப் பாருங்கள். இல்லாவிட்டால் உலகத்திலேயே உயர்ந்த டிசி-டபிள்யூ3 ஊற்றினாலும் புது பிஸ்டனும் அதே வழியில்தான் போகும்.

#20 பருத்தித்துறை_வள்ளம்

அண்ணை சொல்வதுதான் சரி. இங்கேயும் என்ஜின் இறுகினால் முதல் ஏச்சு ஓயிலுக்குத்தான் விழும். கழற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் தண்ணீர்ப் பிரச்சினை. மணல் பிடிக்கிற ஆழம் குறைந்த இடத்தில் என்ஜினை இறக்கி ஓட்டினால் இம்பெல்லர் கெதியாகத் தேயும்.

#21 மணலி_பிளெண்டிங்

இந்தியப் பக்கத்து நண்பர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. ஆனால் பங்க்கில் கிடைப்பதைத்தானே ஊற்ற முடியும்? எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கிற இடத்தில் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கலந்த பெட்ரோலை டேங்கில் போட்டு வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடற்காற்றில், திறந்த டேங்க் மூடி வழியாக ஈரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓரளவு சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். இன்ஜினுக்குப் போகும் குழாய் டேங்கின் அடியில்தானே இருக்கிறது? அது உறிஞ்சுவது ஆயில் இல்லாத தண்ணீர்ச் சாராயம். ஆயிலை எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் அது சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் என்ன பிரயோசனம்? ரெண்டு மூன்று நாள் பாட்டுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். கரையில் நிற்கும்போது மூடியில் உள்ள காற்றுத் திருகை இறுக்கி வையுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுவது செலவுக்குத் தகும். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாமும் எத்தனாலில் ஊறித் தளரும். அதையும் ஒரு கண் பாருங்கள்.

#22 ஆர்எக்ஸ்100_பிரியன்

நல்லது, ஒத்துக்கொள்கிறேன். தலைகீழாக ஒரு கேள்வி. இந்த டிசி-டபிள்யூ3 மிச்சம் இருந்தால் என் ஆர்எக்ஸில் ஊற்றலாமா? விலை கூடின ஆயில்தானே.

#23 மணலி_பிளெண்டிங்

வேண்டாம். பைக் சிலிண்டர் சூட்டுக்கு அதன் சுத்தம் செய்யும் சக்தி போதாது, ரிங் ஒட்டும். உங்கள் ஆர்எக்ஸுக்கு ஜாசோ எஃப்டி வாங்கிப் போடுங்கள், சந்தோசமாக ஓடும்.

#24 குளச்சல்காரன்

இன்றைக்கு அடிப்பகுதியைக் கழற்றினோம். இம்பெல்லர் இறகுகள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து அப்படியே விறைத்திருக்கின்றன. ஒரு இறகு அடியோடு இல்லை, இன்னொன்றில் பாதி இல்லை. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மூடியைத் திறந்தால் உள்ளே உப்பு வெள்ளையாகக் கட்டியிருக்கிறது. புது இம்பெல்லருக்குச் சொல்லியாயிற்று. மாட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமா?

#25 ஃப்ளைவீல்

இன்னும் இல்லை. இல்லாத இறகு எங்கே போனது? பம்ப் வீட்டுக்குள் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் தண்ணீரோடு மேலே ஏறி எங்கேயோ சிக்கியிருக்கிறது. துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், முழு வட்டம் வர வேண்டும். வராவிட்டால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஹோஸை வைத்து மேலிருந்து கீழே நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். வந்த வழியே வெளியே வரும். அதிலும் வரவில்லை என்றால் தண்ணீர்க் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். கொதி வருவதற்கு வெகு முன்பே திறக்க வேண்டும். அசையாவிட்டால் அதுவும் புதுசு. பம்ப் தட்டிலும் கோப்பையிலும் விரல் நகத்தில் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் செட்டாகவே மாற்றிவிடுங்கள். அடிப்பகுதி கழன்று இருக்கும்போதே கியர் ஆயில் திருகையும் திறந்து பாருங்கள். பால் மாதிரி வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அங்கே ஊற்றுவது கியர் ஆயில், 2டி இல்லை. கடைக்காரர் எதை நீட்டினாலும்.

#26 குளச்சல்காரன்

பாதித் துண்டு பம்ப் வீட்டிலேயே கிடந்தது. முழு இறகு இன்னும் அகப்படவில்லை. தெர்மோஸ்டாட் வழியாகத் தண்ணீர் பாய்ச்சினால் உப்பும் கருப்பு ரப்பர்த் தூளும் வருகிறது, துண்டு வரவில்லை. நாளைக்குக் குழாயைக் கழற்றுகிறோம். கியர் ஆயில் வெளுக்கவில்லை. 2டி ஆயில் ரெண்டு லிட்டர் வாங்கி வைத்துவிட்டேன், சீலும் பதிவு எண்ணும் பார்த்துத்தான்.